ஹாஜறா சொல்லிக் கொடுக்காத இரண்டு புள்ளி

கல்முனைக்குடியில் ஹாஜறா இருந்த வீடு ஹாஜறாவின் பேரில்தான் எழுதியிருந்தது. நம்ம பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டியதுதான். அப்படி வந்து சேர்ந்த அப்துல் ஹமீட், எண்பத்தெட்டாம் வருடச் சிறுபோகத்தில், வாய்க்கால் மடையைத் திறக்கப் போன இடத்தில் புடையன் பாம்பு கடித்து மௌத்தாகிப் போனார். அதற்குப் பிறகு அந்தச் சொந்த வீட்டில் ஹாஜறாவுக்கு மிஞ்சியது ஓர் அறை மட்டும்.

இத்தா இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்துக்கொண்டு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். ஊர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். யன்னலைத் திறக்காதே, முற்றத்துக்கு இறங்காதே, சத்தம் போட்டுக் கதைக்காதே, கண்ணாடி பார்க்காதே. ஹாஜறாவின் உம்மா ஹவ்வா உம்மா இன்னும் ஒரு படி மேலே போய், யன்னல் இடுக்கில் பழைய சீலைத் துண்டை அடைத்து வைத்திருந்தாள். காற்றையும் அந்நிய ஆண் என்று நினைத்தாளோ என்னவோ, அறைக்குள் அவிந்து செத்தது பிள்ளைதான்.

இன்னொரு கட்டளையும் ஹவ்வா உம்மா போட்டிருந்தாள். மையித்தை எடுத்து அடக்கிய கிழமையில் யாரோ வந்து "ஹமீட் நல்ல மனிசன்" என்று வாய் திறக்க, ஹாஜறா நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் வருகிறவர்கள் எல்லோரையும் ஹவ்வா உம்மா மறித்து, "அந்தப் பேரை மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று காதில் ஓதித்தான் உள்ளே விடுவாள். ஆகவே ஹமீட் எல்லோருக்கும் "அவர்" ஆகிப் போனார். தன் புருஷனின் பேரை ஒரு முறையாவது யாராவது சொல்லமாட்டார்களா என்று ஹாஜறா ஏங்கத் தொடங்கியிருந்தது உம்மாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஹாஜறா படித்த பிள்ளை. வாய்க்கால்களைத் திருத்துகிற திட்டத்து அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள். அந்த ஆபீசுக்கு வெளிநாட்டுக் காசில் ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியபோது, அதன் கிட்டப் போகவே எல்லோருக்கும் பயம். தொட்டால் கரண்ட் அடிக்கும் என்றார் ஒருவர். கண் போய்விடும் என்றார் இன்னொருவர். கடைசியில் எஞ்சினியர் கனகரெத்தினம் ஹாஜறாவைத்தான் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். தனியாக அனுப்ப முடியுமா? அதே ஆபீசில் வாய்க்கால் ஓவசியராக இருந்த புருஷன் ஹமீட் துணைக்குப் போனார். அவள் உள்ளே படித்த நேரமெல்லாம் வெளியே மர வாங்கில் குந்திக்கொண்டு கடலை கொறித்தார்.

அது இப்போது வருகிற மாதிரிப் படம் காட்டுகிற மெஷின் இல்லை. கறுப்பு ஸ்கிரீனில் பச்சை எழுத்து. "சீ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் அம்புக்குறியும் வந்து நிற்கும்; பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். என்ன வேண்டும் என்று நாம்தான் அடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடியும்வரை அப்படியே கண்ணடிக்கும். எதை எங்கே வைத்தோம், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதெல்லாம் அடிக்கிறவரின் தலைக்குள் இருக்க வேண்டும்.

ஹாஜறாவின் தலைக்குள் எல்லாம் இருந்தது. மெஷினுக்குள் அவள் வட்டை என்று ஒரு டிரெக்டரி போட்டாள், பைல்களைப் பிரித்து வைக்கிற அறை மாதிரி. வட்டை என்றால் வயல் நிலம், அது உங்களுக்குத் தெரியும். அதற்குள்ளே ஒவ்வொரு ஓவசியருக்கும் அவரவர் பேரில் ஒரு டிரெக்டரி. எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அவர்கள் கொண்டுவருகிற அளவெல்லாம் அதனதனுக்குள்ளே போகும். ஹமீட் பின்னேரம் வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அளவுகளைச் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். "எனக்கெண்டு ஒரு காணி தந்திட்டியே" என்று சிரிப்பார். சொந்தக் காணி இல்லாத மனிதர், பாவம், அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

இத்தாவில் இருந்தபோது அந்த ஆபீஸ் கதிரையைத்தான் அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். காரணம் அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், காலிதீன். கல்முனைப் பசாரில் பிடவைக் கடை வைத்திருந்த மனிதர். வாப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஹமீட்டுக்காகக் கத்தம் ஓதிய மறுநாளே அறை வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார்.

"இஞ்ச பாரு புள்ள. இத்தா முடிய, ஆபீசில உன்ட கதிரை காலியாக் கிடந்தாப் போ. நான் மறிக்கமாட்டன். வேற ஒராள் வந்து குந்திட்டாரெண்டா அதோட கதை முடிஞ்சிது. அக்கரைப்பற்று ஆலைக்காரர் கேட்டு அனுப்பியிரிக்கார். அவரை முடிச்சிக்கிட்டு வீட்டோட கிட."

ஆலைக்காரருக்கு ஹாஜறாவின் வயதில் மகள் இருந்தாள். முதல் மனைவி அந்த வீட்டுக் குசினியை விட்டு வெளியே வந்ததை ஊரில் யாரும் கண்டதில்லை. காக்கா சொன்ன சொல்லை ஹாஜறா மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். கதிரை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் எஞ்சினியர் கனகரெத்தினம் பிடவைக் கடைக்கே போய்க் காலிதீனிடம் கதைத்தார். போகத்து அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டும், மெஷின் சும்மா பெட்டியாகக் கிடக்கிறது, அறிக்கை போகாவிட்டால் பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். தங்கச்சி இத்தாவில் இருக்கிறாள், வர ஏலாது என்றார் காலிதீன். அவள் வரத் தேவையில்லை, மெஷின் வரும் என்றார் எஞ்சினியர்.

காலிதீன் மௌலவியிடம் போய்க் கேட்டார். மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்து தேவையான வார்த்தை கதைக்கலாம், அதில் குற்றமில்லை என்று மௌலவி சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா காலிதீன்? தானாக ஒரு நிபந்தனை வைத்தார். ஹாஜறா மெஷினில் கை வைக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது வேறு, இத்தாவில் குந்தி உத்தியோகம் பார்ப்பது வேறாம். மெஷினை அறைக்குள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரு கிழமையில் முடிகிற வேலை. அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தைரியம் இருந்தது?

மறுநாள் ஜீப் வந்தது. ஆபீஸ் களஞ்சியப் பொறுப்பாளர் பாக்கியராசா, பாண்டிருப்பு ஆள், கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள மனிதர், மெஷினைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியைக் கொண்டுவருகிற மாதிரித்தான் இருந்தது. ரீவி வாங்கியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஹவ்வா உம்மா வழக்கம்போல வாசலிலேயே அவரை மறித்துத் தன் கட்டளையை ஓதினாள். பாக்கியராசா தலையை ஆட்டினார்.

மண்டபத்தில் மேசை. மேசைக்கு எதிரே அறை வாசல். வாசலில் தடித்த சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். சீலைக்கு இந்தப் பக்கம் ஹாஜறா பாயில் இருந்தாள். நடுவில் வெற்றிலைத் தட்டோடு ஹவ்வா உம்மா.

"தங்கச்சி, நான் பாக்கியராசா கதைக்கிறன். போட்டிட்டன். சீ எண்டு ஒரு எழுத்து, ஒரு அம்பு. பக்கத்தில ஒரு கோடு துடிக்குது. என்னவோ கேக்குது போல."

மாதக்கணக்கில் அழுத முகத்தில் ஹாஜறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஒண்டும் கேக்கல்ல அண்ணன். நம்மளப் பார்த்துக்கொண்டு நிக்குது. டீ, ஐ, ஆர் எண்டு அடிச்சு, பெரிய எண்டர் கட்டையைத் தட்டுங்க. உள்ளுக்கு என்னென்ன கிடக்கெண்டு காட்டும்."

கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். பிறகு வாசித்தார். அறிக்கை, கடிதம், வட்டை. ஹாஜறா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அந்த இருட்டு அறையில் இருந்துகொண்டு அவள் அறிக்கைக்குள் போனாள், கடிதத்துக்குள் போனாள், இஷ்டம்போல நடந்து திரிந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அந்தச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு கணக்கும் ஓடியது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தால் இந்த மனிதர் பழகிவிடுவார். பழகினால் கதிரை நிறைந்துவிடும். சொல்லிக் கொடுக்காவிட்டால் மெஷின் கொழும்புக்குத் திரும்பிவிடும். மெஷின் இல்லாத ஆபீசில் அவளுக்கென்று கதிரை எது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைக்காரரின் குசினிதான் தெரிந்தது.

கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நல்ல வழி என்று சொல்ல முடியாது. ஒரு டிரெக்டரிக்குள் போவதற்கு சீ, டீ என்று அடித்து அதன் பேரை அடிக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு படி வெளியே வருவதற்குப் பேர் தேவையில்லை. சீ, டீ அடித்து இரண்டு புள்ளி வைத்தால் போதும். அந்த இரண்டு புள்ளியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உள்ள போயிட்டன் தங்கச்சி. இனிக் கிறுகி வெளிய வாறது எப்பிடி?"

"மெஷினை அணைச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்க அண்ணன். தொடக்கத்துக்கு வந்து நிக்கும்."

பொய்யில்லை. வந்து நிற்கத்தான் செய்யும். வீட்டுக்குள்ளே ஓர் அறையிலிருந்து மண்டபத்துக்கு வருவதற்கு வீட்டையே இடித்துக் கட்டுகிற மாதிரி. பாக்கியராசா சந்தேகப்படவில்லை. அணைத்தார், போட்டார், அது தன் கணக்கையெல்லாம் எண்ணி முடித்துப் பீப் என்று சத்தம் போடும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். உள்ளே நின்று டீ, ஐ, ஆர் என்று "டிர்" அடிக்கிற நேரமெல்லாம் மேலே ஒரு புள்ளியும் இரண்டு புள்ளியும் வருகிறதே, அது என்ன என்று ஒரு தரம் கேட்டார். அது சும்மா, அதைக் கணக்கெடுக்காதீங்க என்றாள். சொன்ன பிறகு நெஞ்சு குறுகுறுத்தது. அதற்காகத் திருத்திச் சொல்லவுமில்லை.

இப்படியே நாள் போனது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப் வரும். அந்தக் காலத்தில் அடிக்கடி போடுகிற ஊரடங்குக்கு முன்னர் மெஷினைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அறிக்கை பாதி வளர்ந்திருந்தபோது மெஷின் இடமில்லை என்று சொல்லத் தொடங்கியது. வட்டைக்குள்ளே எந்த ஓவசியருக்கும் சேராத பழைய குப்பைகள் நிறையக் கிடந்தது ஹாஜறாவுக்கு ஞாபகம் வந்தது. நாளைக்கு வந்ததும் வட்டைக்குள் போய் நில்லுங்கள், அழித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் ஜீப் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டது. ஹாஜறா பகல் நேர லுஹர் தொழுகையில் நின்றாள். தொழுது முடித்து, துஆக் கேட்டு, தஸ்பீஹ் மணியை மடித்து வைத்தபோது அந்தப் பக்கம் கட்டை தட்டுகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"வந்திட்டீங்களா அண்ணன்? எங்க நிக்கிறீங்க? சீ, டீ எண்டு மட்டும் அடிச்சு, வாறதை வாசிங்க."

இது அவள் ஒரு நாளும் விடாத பழக்கம். கண்ணால் காண முடியாதவள், ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்காமல் அடியெடுத்து வைப்பாளா?

"சீ," என்றார் பாக்கியராசா. "வட்டை."

கொஞ்சம் இழுத்தது போல இருந்தது. எழுத்துக் கூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி. டீ, ஈ, எல். ஒரு இடைவெளி. நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம்."

அடித்தார். "நிச்சயந்தானா எண்டு கேக்குது தங்கச்சி."

"ஓம் எண்டு சொல்லுங்க. வை எழுத்தை அடிங்க."

கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது.

"இனி டிர் அடிச்சுப் பாருங்க. ஓவசியர்மார்ர பேர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்."

"ஒரு புள்ளி. ரெண்டு புள்ளி." அவர் குரல் சிறுத்துப் போனது. "வேற ஒண்டும் இல்ல."

ஹாஜறா பாயிலிருந்து எழுந்துவிட்டாள். டெல் அடித்தால் பைல்கள்தான் போகும், உள்ளே உள்ள டிரெக்டரிகள் அப்படியே இருக்கும். வட்டையில் நின்று அழித்திருந்தால் ஓவசியர்மார்களின் பேர்கள் வரிசையாக வந்திருக்க வேண்டும். பேர் ஒன்றுமே இல்லையென்றால் அவர் நிற்பது வட்டையில் இல்லை, அதற்கும் உள்ளே எங்கேயோ.

"அண்ணன், திரும்ப சீ, டீ அடிங்க. முழுசா வாசிங்க. ஒண்டையும் விடாம."

ஹவ்வா உம்மா வெற்றிலைத் தட்டை ஒதுக்கிவிட்டு பாக்கியராசாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"வாசிங்க அண்ணன்."

"சீ," என்றார். "வட்டை. ஹமீட்."

ஹாஜறா மயங்கி விழவில்லை. அதுதான் உம்மாவுக்கு ஆச்சரியம். சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏங்கிக் கிடந்த பேரைக் கடைசியில் ஓர் ஆள் வாய்விட்டுச் சொன்னார், அந்தப் பேருக்குள்ளே இருந்ததையெல்லாம் அழித்து முடித்த பிறகு.

நடந்தது இதுதான். அறிக்கைக்கு ஹமீட்டின் அளவுகள் முழுசாக ஏறியிருக்கின்றனவா என்று எஞ்சினியர் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்தப் பேரைச் சொல்லி ஹாஜறாவிடம் கேட்க பாக்கியராசாவுக்கு மனம் வரவில்லை. அவள் தொழுகிற நேரத்தில் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். போகத் தெரிந்தது. வரத் தெரியவில்லை. அணைத்துப் போட்டால் பீப் சத்தம் கேட்கும், ஏன் அணைத்தீர்கள் என்று அவள் கேட்பாள், பிறகு எங்கே போனேன் என்று சொல்ல வேண்டி வரும். ஹமீட்டின் காணியும் வட்டைக்குள்ளேதானே கிடக்கிறது, வட்டை என்று சொன்னால் பிழையில்லை என்று தன்னைச் சமாளித்துக்கொண்டார்.

"அந்தப் பேரை எப்பிடி உங்களுக்கு முன்னால..." என்று தொடங்கி அவரால் முடிக்க முடியவில்லை. பெரிய மனிதர், மேசையில் தலையைக் குத்திக்கொண்டு அழுதார். நான்தானே சொல்லி வைத்தேன் என்று ஹவ்வா உம்மாவும் ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹாஜறாவுக்கு இருவர் மீதும் ஆத்திரம் பொங்கியது. "அவர்ர பேரை ஏன் ஒளிச்சீங்க? நான் கேட்டனா?" என்று கத்தினாள். இத்தாவில் இருக்கிறவள் இப்படிக் கத்துவதா என்று வேலிக்கு அந்தப் பக்கம் கதை போயிருக்கும், போகட்டும். கத்தி முடிந்ததும் ஆத்திரம் வந்த வழியே திரும்பி அவள்மீதே விழுந்தது. இரண்டு புள்ளி. அதை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தால், மனிதர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அவள் தொழுது முடிக்கும் முன்னர் வெளியே வந்து வட்டையில் நின்றிருப்பார். உள்ளே தள்ளி வழியை ஒளித்தது அவள்தான். கதிரையைக் காப்பாற்றப் போய்ப் புருஷனின் காணியை அழித்துவிட்டாள்.

அவள் பாயில் குந்தி அழுது தீர்த்தாள். அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணன், சீ, டீ அடிங்க. ரெண்டு புள்ளி வைங்க. வைச்சுத் தட்டுங்க."

தட்டினார். "இப்ப எங்க நிக்கிறீங்க எண்டு பாருங்க," என்றாள்.

"வட்டை," என்றார். பிறகு, "அணைக்காமலே வந்திட்டன்," என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆபீஸ் அலுமாரியில் மாத முடிவில் எடுத்து வைக்கிற பிளொப்பிகள் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொன்னாள். பெரும்போகத்துக்கென்று புது டிரெக்டரி போடுவது, பிளொப்பியிலிருந்து அதற்குள்ளே கொப்பி எடுப்பது, பேர் மாற்றுவது, தெரிந்த அவ்வளவையும் அள்ளிக் கொடுத்தாள். பிளொப்பியில் ஆனி மாத முடிவு வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஹமீட் கொண்டுவந்த அளவுகள், கடைசியாகத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று சொன்னவை, எதிலும் இல்லை. அந்த இடைவெளியோடுதான் அறிக்கை கொழும்புக்குப் போனது. எஞ்சினியர் பெரிய மனது பண்ணி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஹமீட் டிரெக்டரியை என்ன செய்ய என்று பாக்கியராசா கேட்டார். இப்போது பேரைத் தயங்காமல் சொன்னார்.

"கிடக்கட்டும் அண்ணன். ஒண்டும் போடவும் வேணாம், அழிக்கவும் வேணாம்."

ஜீப் வருவது நின்றது. வாசல் சீலையைக் கழற்றினார்கள். காலிதீன் வந்து வாசலில் நின்று, பாக்கியராசா இப்ப நல்லாப் பழகிட்டானாமே என்றார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை ஹாஜறா கண்டாள். இத்தாவின் மிச்ச நாட்கள் முன்னதையெல்லாம் விடக் கொடுமையாக இருந்தன. முன்பு ஒரு நாள் வெளியே போவேன் என்ற நினைப்பாவது இருந்தது. இப்போது யன்னல் இடுக்கில் அடைத்திருந்த சீலைத் துண்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அதை இழுத்துப் போட அவளுக்குக் கை எழவில்லை.

இத்தா முடிந்தது. குளிக்க வார்த்தார்கள், நிறச் சீலை உடுத்திவிட்டார்கள், துஆ ஓதிச் சாப்பாடு கொடுத்தார்கள். அன்று பின்னேரமே காலிதீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அவளுடைய குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் அங்கே கிடந்தன, அவற்றை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டு வரலாம் என்று. ஹாஜறா மண்டபத்தில் இருந்தாள். முற்றத்துக்குப் போகலாம் என்று உம்மா சொன்னாள். அவள் போகவில்லை.

காலிதீன் திரும்பி வந்தபோது கையில் குடையும் இல்லை, பெட்டியும் இல்லை. முகம் உர்ரென்று இருந்தது.

"என்ன மனே?" என்றாள் ஹவ்வா உம்மா.

"அந்த பாக்கியராசா ஒரு மரமண்டை உம்மா. எஞ்சினியர் எனக்கு முன்னாலதான் கேட்டார். இத்தனை நாள் பழகினாய், இனி நீயே இந்தக் கதிரையில குந்து, சம்பளமும் கூட்டித் தாறன், காத்து வாற பங்காவுக்குக் கீழ இருக்கலாம் எண்டார். அவன் என்ன சொல்றான் தெரியுமா? எனக்கு உள்ள போகத்தான் தெரியும் சேர், வெளிய வரத் தெரியா எண்டான். போட்டுக் காட்டு எண்டார். போட்டான். உள்ள போனான். புறகு மெஷினை அணைச்சு, திரும்பப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறான். ஆபீசே சிரிக்குது. மிச்சத்தை அந்தப் பிள்ளை வந்தாத்தான் எண்டு போட்டுக் களஞ்சியத்துக்குப் போயிட்டான்."

ஹாஜறா தலை குனிந்துகொண்டாள். காக்கா முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, பார்த்தால் தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று.

"கதிரை?" என்று மட்டும் கேட்டாள்.

காலிதீன் சைக்கிள் மணியை விரலால் நோண்டிக்கொண்டு நின்றார். அன்று தான் சொன்ன சொல்லை உம்மாவும் கேட்டிருந்தாள். "காலியாத்தான் கிடக்கு," என்றார்.

திங்கட்கிழமை அவரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் இறக்கினார். நாலரைக்கு இதே இடத்தில் நிற்பேன், ஒரு நிமிடம் பிந்தக் கூடாது என்றார். வீட்டிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து வீட்டுக்கு. அதற்கு மேலே அவளுக்குத் திறந்த வழி எதுவும் இல்லை. அதுவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது. ஆலைக்காரர் இன்னும் மறுமொழிக்குக் காத்திருந்தார்.

அவள் மெஷினைப் போட்டாள். வட்டைக்குள் போனாள். ஹமீட்டுக்குள் போனாள். டிர் அடித்தாள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. வேறொன்றும் இல்லை. எல்லாம் போன பிறகும் அந்த இரண்டு புள்ளி மட்டும் போகாமல் கிடந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்பக்கத்துக் களஞ்சியத்துக்குப் போனாள்.

தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையில், பாக்கியராசா சட்டையைக் கழற்றிப்போட்டு சீமெந்துப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இரண்டு வேலையாட்கள் அவரைப் பார்த்து, "அண்ணே, அணைச்சுப்போட்டுத் திரும்ப அடுக்குங்க," என்று பகிடி பண்ணிக்கொண்டு போனார்கள். அவளைக் கண்டதும் அவர் அவசரமாகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் சீலை இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்ப்பது அத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அண்ணன்," என்றாள் ஹாஜறா. "அந்த ரெண்டு புள்ளி..."

"எந்தப் புள்ளி தங்கச்சி?" என்றார் பாக்கியராசா. சொல்லிவிட்டு அடுத்த பையைத் தூக்கினார்.